காகிதத்தின் கரிக்கணக்கு

வேதாரண்யம் என்றவுடன் தமிழர் மனத்தில் முதலில் எழுவது உப்பு. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாக வந்த தொண்டர்கள் அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்த சரித்திரத்தால், காவிரியின் கடைமடைக்கும் அப்பால் கடலுக்குள் நீண்டு கிடக்கும் இச்சிறிய பிரதேசம் தேசத்தின் ஞாபகத்தில் நிலையான இடம் பெற்றுவிட்டது. ஆனால் அதே கடற்கரையின் மணற்பரப்பிலிருந்து, அவ்வளவு பிரசித்தி பெறாத வேறொரு சரக்கும் லாரி ஏறி மேற்கே போய்க்கொண்டிருக்கிறது. நாலுவேதபதி, வெள்ளப்பள்ளம், கோவில்பத்து முதலிய கிராமங்களின் தோப்புகளில் வெட்டப்பட்டு, பட்டை உரிக்கப்பட்டு, அளவாகத் துண்டு போடப்பட்ட சவுக்குக் கட்டைகளே அச்சரக்கு. சாரத்துக்கும் பந்தலுக்கும் விறகுக்கும் போவது ஒரு பங்கு. காகித ஆலைகளின் கூழ்க்கலங்களுக்குப் போவது மற்றொரு பங்கு.

மரத்திலிருந்து பிறப்பதாலும், வெட்டிய இடத்தில் மறுபடி கன்று நடப்படுவதாலும், காகிதம் ஆகாயத்துக்குக் கடன்படாத பொருள் என்று பலர் நம்புகின்றனர்; ஆலைகள் சிலவும் அவ்விதமே விளம்பரம் செய்கின்றன. இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி எது, மற்றப் பாதி எங்கே மறைகிறது என்பதை, சவுக்கு விளையும் இக்கடற்கரையிலிருந்தே ஆராய்வது பொருத்தமாயிருக்கும்.

சவுக்கு இப்பகுதியின் பூர்வ விருக்ஷம் அன்று. தென்கிழக்காசியாவின் கரைகளிலும் ஆஸ்திரேலியாவிலும் சுயமாக வளரும் இம்மரத்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தின் கடலோரங்களில் விஸ்தாரமாகப் பயிரிட ஏற்பாடு செய்தவர்கள், ரயில் இஞ்சின்களுக்கு விறகு தேடிய ஆங்கிலேய அதிகாரிகள். ஆகவே, இம்மரம் நம் கரைக்கு வந்ததே எரிபொருளாக எரிவதற்குத்தான். அதன் பச்சைக் கிளையொன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஊசியிலைகள் போலத் தோன்றுபவை யாவும் உண்மையில் கணுக்கணுவான மெல்லிய குச்சிகள் என்பது விளங்கும். பற்றி இழுத்தால் ஒவ்வொரு கணுவும் கழன்று வரும். அக்கணுக்களின் வாயில் மிகச் சிறிய பற்கள் போல் ஒட்டிக்கொண்டிருப்பவையே இலைகள். வெயிலும் உப்புக் காற்றும் உறிஞ்சும் ஜலத்தை இவ்விதம் காத்துக்கொள்ளும் இம்மரம், வேர்களில் முடிச்சு முடிச்சாகக் காணும் கணுக்களில் பிராங்கியா என்னும் நுண்ணுயிரைக் குடிவைத்து, அதன் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றிக்கொள்கிறது. மணலிலே குடம் குடமாக நீர் ஊற்றிக் கன்றுகளைப் பிழைக்கவைத்த குடியானவனின் உழைப்பும், இந்த நுண்ணுயிரின் உழைப்பும் சேர்ந்துதான், வேறு பயிர் எளிதில் தழைக்காத மேட்டு மணலில் மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டுக்குத் தயாராகும் தோப்பை உண்டாக்குகின்றன. கட்டை ஆலைக்குப் போனபின், உதிர்ந்து கிடக்கும் மிளாறும் உரித்த பட்டையும் ஊரின் அடுப்புகளுக்குப் போகின்றன.

இம்மரத்தின் கனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மணலிலிருந்து அதில் வந்தது மிகச் சொற்பமே. பெரும்பாலும் காற்றிலிருந்தும் நீரிலிருந்துமே வந்தது. நன்றாக உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. கரி 12 பங்கு சேரவேண்டுமாயின், காற்றிலிருந்து 44 பங்கு கரியமில வாயுவை மரம் உட்கொண்டிருக்க வேண்டும் என்பது ரசாயனத்தின் எளிய விகிதம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு டன் உலர்ந்த சவுக்கு, சுமார் 1.8 டன் கரியமில வாயுவை ஆகாயத்திலிருந்து இறக்கிவைத்திருக்கிறது என்றாகும். காகித ஆலையின் நண்பர்கள் பெருமையுடன் எடுத்துக்காட்டும் எண் இதுவே. எண்ணில் பிழையில்லை. அந்தக் கரி அதன்பின் எவ்விடம் போகிறது என்பதே நாம் தொடர்ந்து பார்க்கவேண்டியது.

ஆலையில் கட்டைகள் சிறு சில்லுகளாக வெட்டப்பட்டு, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த திரவத்தில், உயர்ந்த உஷ்ணத்திலும் அழுத்தத்திலும் வேகவைக்கப்படுகின்றன. மரத்தின் நார்களாகிய செல்லுலோஸை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள் அத்திரவத்தில் கரைந்துபோக, நார் மட்டும் கூழாகப் பிரிகிறது. உலர்ந்த மரம் இரண்டு டன் போட்டால் கூழாகக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு டன்தான். மற்றொரு டன் கரைந்த லிக்னினாகவும் சர்க்கரைப் பொருள்களாகவும், பிளாக் லிக்கர் என்று ஆலைக்காரர் அழைக்கும் கருந்திரவத்தோடு போய்விடுகிறது. காகிதத் தொழிலின் மிக அழகிய நுட்பம் என்று நான் கருதுவது இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. அந்தக் கருந்திரவத்தை ஆற்றில் விட்டுவிடாமல், பல கலங்களில் படிப்படியாக வற்றவைத்து, தேன்பாகு போல் கெட்டியாக்கி, அதற்கென்றே அமைந்த மீட்புக் கொதிகலனில் தெளித்து எரிக்கின்றனர். லிக்னின் எரிந்து நீராவியையும், அந்நீராவியால் மின்சாரத்தையும் தருகிறது. எரியாத சோடியம் உப்புகள் உருகிக் கொதிகலனின் அடியில் வழிகின்றன. அவற்றை நீரில் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால், முதலில் செலவான காஸ்டிக் சோடா திரும்பப் பிறக்கிறது. சுண்ணாம்போ கால்சியம் கார்பனேட் சேறாக அடியில் தங்க, அதைக் காளவாயில் சுட்டு மீண்டும் சுண்ணாம்பாக்குகின்றனர். ஒரு சுழலுக்குள் மற்றொரு சுழலாக, எரிபொருளும் ரசாயனமும் மரத்தின் கழிவிலிருந்தே மீளும் இவ்வேற்பாட்டால், நன்கு நடத்தப்படும் மரக்கூழ் ஆலையொன்று தனக்கு வேண்டிய உஷ்ணத்தின் பெரும்பங்கை மரத்திலிருந்தே பெறக்கூடும்.

இக்கொதிகலனின் புகைபோக்கியிலிருந்து எழும் கரியமில வாயு, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் சவுக்குத் தோப்பு காற்றிலிருந்து எடுத்ததே. காளவாயில் சுண்ணாம்புச் சேறு விடும் வாயுவிலும், அதிலுள்ள கரி சுண்ணாம்புக் கல்லிலிருந்து வந்ததன்று, மரத்திலிருந்து கருந்திரவத்தின் வழியாக வந்ததே என்பது ஆச்சரியமான உண்மை. வெட்டிய தோப்பு மறுபடி வளர்ந்தால், இவ்வளவும் போனது போல் திரும்பும். நாம் தேடிய பாதி உண்மை இதுவே.

மற்றப் பாதி, ஆலையின் வேறொரு மூலையில், நிலக்கரிக் குவியலாகக் கிடக்கிறது. கருந்திரவம் தரும் நீராவி போதாதபோது, அல்லது ஆலை கூழைவிடக் காகிதம் அதிகமாகச் செய்யும்போது, குறைவை ஈடுசெய்வது நிலக்கரிக் கொதிகலன். கரியின் தரத்தைப் பொறுத்து, ஒரு டன் நிலக்கரி ஒன்றரை டன் முதல் இரண்டரை டன் வரை கரியமில வாயுவை விடும்; அந்தக் கரி பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் போனது; அதைத் திருப்பியெடுக்க எந்தத் தோப்பும் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. காளவாயை மூட்டும் பர்னஸ் ஆயிலும், ஆலைக்கு வெளியே வாங்கும் மின்சாரமும், மின்சாரத்தைத் தாராளமாக விழுங்கிப் பிறக்கும் காஸ்டிக் சோடாவும் இதே கணக்கில் சேர்ந்தவை. வேதாரண்யத்து உப்பு உணவுக்கு மட்டுமன்றி ரசாயனத் தொழிலுக்கும் பயன்படுவது என்பதையும், காஸ்டிக் சோடாவின் மூலப்பொருள் உப்பே என்பதையும் எண்ணினால், ஒரு தாள் காகிதத்துக்குள் இக்கடற்கரையின் இரண்டு விளைபொருள்களின் இனமும் கூடியிருப்பது தெரியும்.

இவ்வளவு நீராவியும் எங்கே செலவாகிறது? பெரும்பாலும் ஈரத்தை ஓட்டுவதிலேதான். காகித யந்திரத்தின் வலைமீது பாயும் கூழில் நூற்றில் 99 பங்குக்கு மேல் நீர். அது வலையில் வடிந்து, உருளைகளுக்கிடையே பிழியப்பட்டு, கடைசியில் நீராவியால் சூடேறிய இரும்பு உருளைகளின்மேல் ஓடிக் காய்கிறது. வடிப்பதற்கும் பிழிவதற்கும் ஆகும் செலவு அற்பம். காய்ச்சுவதற்கு ஆகும் செலவோ மிகப் பெரிது. பிழியும் கட்டத்தில் தாளின் வறட்சியை நூற்றுக்கு ஒன்று மட்டும் கூட்டிவிட்டால், காய்ச்சும் நீராவியில் நூற்றுக்கு நான்கு குறையும் என்பது இத்தொழிலார் அனுபவத்தில் கண்ட வாய்பாடு. மரம் நடும் விழாவைப் போல இதற்குப் பத்திரிகையில் படம் வருவதில்லை. ஆயினும் நல்ல பிழியுருளையொன்று ஆண்டுதோறும் மிச்சப்படுத்தும் நிலக்கரி, எரிக்கப்படாமல் பூமியிலேயே கிடக்கிறது. புயலும் தீயும் பூச்சியும் அதைத் தொட முடியாது.

காவிரியின் கரையிலேயே இக்கணக்கின் எல்லாப் பக்கங்களையும் காட்டும் ஆலையொன்று இருக்கிறது. தமிழ்நாடு அரசு 1979-ஆம் ஆண்டில் தோற்றுவித்த தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூருக்கு அருகே புகளூரில், காகிதபுரம் என்றே பெயர் பெற்ற இடத்தில், 1980-களின் நடுவில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 90,000 டன்னாகத் தொடங்கிய அதன் திறன், காலக்கிரமத்தில் 4 லட்சம் டன்னாக வளர்ந்தது. மரத்தை வெட்டாமல் கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் செய்வதே அதன் மூல நோக்கம். அக்காலத்தில் அது துணிச்சலான காரியம். ஆனால் சக்கை என்பது எவரும் வேண்டாமென்று எறிந்த பொருள் அன்று. சர்க்கரை ஆலைகள் அதையே தம் கொதிகலன்களில் எரித்துச் சாறு காய்ச்சிவந்தன. சக்கையைக் காகிதத்துக்குக் கொடுத்துவிட்டால் சர்க்கரை ஆலை எதை எரிப்பது? நிலக்கரியை. ஆகவே, சக்கைக்கு மாற்றாக எரிபொருளையும் நீராவியையும் சர்க்கரை ஆலைகளுக்கு அளிக்கும் ஒப்பந்தங்களின் பேரில்தான் அந்தச் சக்கை காகிதபுரம் வந்தது. பாதி ஈரமுள்ள சக்கை இரண்டு டன்னுக்கு மேல் கொடுத்தால்தான் ஒரு டன் நல்ல நிலக்கரியின் உஷ்ணத்துக்குச் சமமாகும். காடு பிழைத்தது உண்மை. அதற்கு ஈடாகச் சுரங்கத்துக் கரி எரிந்ததும் உண்மை. காட்டைக் காப்பதும் கரியைக் குறைப்பதும் ஒன்றே என்று கருதுவோர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். பழைய காகிதத்தை மறுகூழாக்குவதிலும் இதே நியாயம் உண்டு. அதில் மரம் மிஞ்சுகிறது. ஆனால் எரிப்பதற்குக் கருந்திரவம் கிடைப்பதில்லையாதலால், அந்த ஆலை எந்த எரிபொருளை வாங்குகிறது என்பதே அதன் குணத்தை நிர்ணயிக்கிறது.

குறையை மட்டும் சொல்லி நிறுத்துவது அநியாயம். சக்கையை மலைபோல் குவித்து ஈரமாகவே சேமித்து, பின் கழுவும்போது வரும் நீரில் கரைந்த சர்க்கரையும் புளித்த பொருள்களும் நிறைந்திருக்கும். அதைத் திறந்த குட்டையில் தேக்கினால், பிராணவாயு இல்லாத அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மீத்தேன் ஆக்கி ஆகாயத்துக்கு அனுப்பும். எடைக்கு எடை பார்த்தால், நூறாண்டு காலத்தில் மீத்தேன் பூமியைச் சூடாக்குவது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு. காகிதபுரத்தில் அந்நீரை மூடிய கலங்களில் செலுத்தி, எழும் மீத்தேனைப் பிடித்து, சுண்ணாம்புக் காளவாயில் பர்னஸ் ஆயிலுக்குப் பதிலாக எரித்தனர். தப்பியோடியிருக்கக்கூடிய மீத்தேனும் அடங்கியது, எண்ணெயும் மிஞ்சியது. ஒரே வேலையில் இரண்டு லாபம். இத்திட்டம் 1997-இல் ஏற்கப்பட்ட கியோட்டோ உடன்படிக்கையின் தூய வளர்ச்சி ஏற்பாட்டின் கீழ்ப் பதிவும் பெற்றது. சுண்ணாம்புச் சேற்றையும் கொதிகலன் சாம்பலையும் சேர்த்து சிமெண்டு ஆக்குவதும், திருநெல்வேலிச் சீமையில் 35.5 மெகாவாட் காற்றாலைகளை நிறுத்தியிருப்பதும், சுத்திகரித்த நீரைச் சுற்றுப்புற விவசாயிகளின் சங்கத்தின் மூலம் வயல்களுக்குப் பாய்ச்சுவதும் அந்நிறுவனத்தின் பிற முயற்சிகள். இவற்றுள் என் மதிப்பில் மிக உயர்ந்தது அந்த மீத்தேன் வேலையே. ஏனெனில் அங்கே அளவுமானி ஒன்று இருக்கிறது, பிடித்த வாயு இவ்வளவு என்று நாள்தோறும் சொல்கிறது. ஆனால் இவ்வகைத் திட்டத்தில் குறைத்த வாயுவுக்குத் தரப்படும் சான்றுகளை ஓர் ஆலை வெளிநாட்டாருக்கு விற்றுவிட்டால், அக்குறைவு வாங்கியவர் கணக்கில் சேரும். விற்றவரும் அதையே தம் கணக்கில் காட்டுவது முறையன்று.

டெல்டாவில் பிறந்தவர்கள் உடனே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: இவ்வளவு வைக்கோல் விளையும் நாட்டில் வைக்கோலிலிருந்து காகிதம் செய்யலாகாதா? செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். தடையாக நிற்பது நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்துத் தன் தாளில் சேர்த்துவைக்கும் மணற்சத்தாகிய சிலிக்கா. வைக்கோலின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதுவே. காஸ்டிக் சோடாவில் வேகும்போது சிலிக்காவும் கரைந்து கருந்திரவத்தில் சேர்கிறது. திரவத்தை வற்றவைக்கும் குழாய்களின் உட்புறம் கண்ணாடிபோல் படிந்து அடைத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சேற்றையும் கெடுக்கிறது. அதனால் வைக்கோலை நம்பிய சிறு ஆலைகள் ரசாயனத்தை மீட்க இயலாமல், கருந்திரவத்தை வாய்க்காலில் விட்டுப் பழிக்கு ஆளாயின. மேலும், நம் ஊரில் வைக்கோலுக்கு முதல் உரிமை மாட்டுக்கு. அதைத் தீர்த்தபின்னரே ஆலையைப்பற்றிப் பேசுவது தர்மம்.

இனி, ஈடுசெய்தல் என்னும் விஷயம். தான் விடும் கரியமில வாயுவைக் குறைக்க இயலாத ஆலை, வேறோரிடத்தில் மரம் வளர்த்து அதைச் சரிக்கட்டலாம் என்பதே இதன் தத்துவம். 2004-ஆம் ஆண்டு முதல் காகிதபுரத்து நிறுவனம் விவசாயிகளின் நிலங்களில் சவுக்கும் தைலமரமும் வளர்க்க ஊக்கமளித்து வருகிறது. பிற ஆலைகளும் அப்படியே. இது மூலப்பொருளுக்காகச் செய்யும் நல்ல ஏற்பாடு. காட்டின்மேல் கைவைக்காமலிருக்க இதுவும் ஒரு வழி. ஆனால் கூழுக்காக வளர்க்கும் அதே சவுக்கைக் கரியின் ஈடாகவும் எழுதும்போது கணக்கு புரளுகிறது. நம் வீட்டுப் பத்தாயத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் எத்தனை மூட்டை அதன் வாயில் கொட்டினோம் என்பதால் இருப்பு தெரியாது. எடுத்தது போக உள்ளே எந்த மட்டத்தில் நெல் நிற்கிறது என்பதே இருப்பு. ஒரு வயதும், இரு வயதும், மூன்று வயதும், நான்கு வயதுமான நான்கு சவுக்குத் தோப்புகளில், ஆண்டுக்கு ஒன்று வெட்டி ஒன்று நடப்படுமாயின், நான்கிலும் சேர்ந்து நிற்கும் கரி என்றும் ஒரே மட்டம். வெறும் மணலில் அத்தோப்புகளை முதன்முதல் எழுப்பியபோது ஒருமுறை அந்த மட்டத்துக்கு நெல் ஏறியது. அதன்பின் ஏறுவதெல்லாம் இறங்கிவிடுகிறது. வெட்டிய மரத்தின் பாதி சில நாட்களிலேயே கருந்திரவமாக எரிந்துபோகும். மறுபாதியாகிய காகிதமோ நோட்டாகவும் பொட்டலமாகவும் சிலகாலம் இருந்து, குப்பைமேட்டில் எரிந்தோ மக்கியோ ஆகாயத்தை அடையும். ஆகையால், புதிதாக எழுப்பிய தோப்புக்கு ஒருமுறை மட்டும், அதுவும் சராசரி இருப்பளவுக்கே, ஈடு கொண்டாடலாம். வருஷா வருஷம் எரியும் நிலக்கரிக்கு வருஷா வருஷம் அதே தோப்பைக் காட்ட நியாயமில்லை.

அந்த இருப்பும் நிலையானதன்று என்பதை வேதாரண்யத்துக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயல், தென்னையும் மாவும் சவுக்குமாகத் தலைமுறைகளின் தேட்டத்தை ஒரே இரவில் சாய்த்தது. கோடியக்கரையின் காடும் தப்பவில்லை. 1952-ஆம் ஆண்டுப் புயலை முதியவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களும் அப்படியொன்றைக் கண்ணால் கண்டதில்லை. விழுந்த மரம் விறகாகி எரிந்தாலும் கிடந்து மக்கினாலும், அதிலிருந்த கரி ஆகாயத்துக்கே போகும். நூறாண்டுகளுக்கு ஆகாயத்தில் நிற்கப்போகும் புகைக்கு, புயற்பாதையில் நான்காண்டு நிற்கும் மரத்தை ஜாமீனாக வைப்பது தாங்காது. தோப்பை இழந்து கடனில் நின்ற குடியானவனிடம், அவன் தோப்பின் கரியை வேறு யாரோ தம் கணக்கில் எழுதியிருந்தார் என்று சொன்னால், அவனுக்கு அதனால் வரும் பிரயோஜனம் என்ன என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஈடு என்ற பெயரில் பணம் செலவிட மனமுள்ள ஆலைக்கு, இதே கடற்கரையில் தகுந்த இடம் இல்லாமற் போகவில்லை. கோடியக்கரைக்கு மேற்கே, காவிரியின் கிளைகள் கடலோடு கலக்கும் முத்துப்பேட்டைச் சதுப்பில் அலையாத்திக் காடு இருக்கிறது. அங்கே கரி தங்குவது மரத்தில் மட்டுமன்று. அலைநீரில் ஊறிப் பிராணவாயு புகாத சேற்றில், விழுந்த வேரும் இலையும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிகின்றன. மேலே நிற்கும் மரத்தைப் புயல் முறித்தாலும், கீழே படிந்தது பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆங்கிலேயர் காலத்திலிருந்து விறகுக்காகப் பகுதி பகுதியாக மொட்டையடிக்கப்பட்ட இக்காட்டில், வெட்டிய இடங்கள் வெயிலில் தாழ்ந்து, கடல்நீர் தேங்கி, உப்பேறி, எந்த வித்தும் முளைக்காத பொட்டலாயின. வனத்துறையார் கண்ட வழி, மீன்முள்ளின் வடிவில் நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்ந்த சிறு வாய்க்கால்களும் வெட்டி, ஏற்றத்தில் நீர் ஏறவும் வற்றத்தில் வடியவும் செய்து, வாய்க்காலின் ஓரங்களில் வித்து ஊன்றுவது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கரையோரக் கிராமத்தாரும் அதில் சேர்ந்து உழைத்தனர். பொட்டலாய்க் கிடந்த பரப்புகள் பசுமையாயின. வாய்க்காலில் வண்டல் மூடிவிட்டால் மறுபடி நீர் தேங்கி உப்பேறும். ஆகவே தூர் வாருவது தொடர்ந்து நடக்கவேண்டிய வேலை. நடவுக்குப் பணம் எளிதில் வருகிறது. தூர் வாருவதற்கு வருவதில்லை.

2023-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட கரி வரவு வணிகத் திட்டத்தில் காகிதத் தொழிலும் இடம்பெற்றிருக்கிறது. ஒரு டன் காகிதத்துக்கு எவ்வளவு வாயு என்னும் விகிதத்தை ஆலை குறைத்தாக வேண்டும் என்பதும், குறித்ததற்கு மேல் குறைத்தவர் மிச்சத்தை விற்கலாம், தவறியவர் வாங்கவேண்டும் என்பதும் அதன் சாரம். ஆலையின் கதவுக்குள்ளேயே அளந்து பார்க்கும் இந்த முறையை நான் மனமார வரவேற்கிறேன். பிழியுருளையும், மூடிய மீத்தேன் கலமும், சக்கைத் துகளும் மரப்பட்டையும் எரியும் கொதிகலனும் அதில் தமக்குரிய மதிப்பைப் பெறும். சவுக்குக்கு ஆலை கொடுப்பது சவுக்கின் விலையாகவே இருக்கட்டும். எடைமேடையில் ஏற்றிய கட்டைக்குத் தாமதமின்றிக் கிடைக்கட்டும். முத்துப்பேட்டையின் வாய்க்கால்களைத் தூர் வார ஓர் ஆலை பணம் தருமாயின், நிலக்கரிப் பேரேட்டில் அதைக் கழிக்காமல் தனிப் பேரேட்டில், தூர் வாரிய நீளமும் ஆண்டும் குறித்து எழுதட்டும்.